விருந்தாளிக்காகச் சுத்தம் செய்த கிணறு

இலெக் ஆற்றங்கரையில் குரோமியத் தொழிற்சாலை ஒன்று கொட்டிய விஷத்தால், முப்பது வருடமாக எங்கள் ஊர்க் கிணறுகளில் மஞ்சள் தண்ணீர்தான். ரைஹான் என்ற பெண் ஆராய்ச்சியாளர் வந்து, அந்த விஷத்தை முடக்கும் நுண்ணுயிர்களை நிலத்தடியில் சர்க்கரைப்பாகு ஊற்றி வளர்த்தார். நான் அவருடைய டிரைவர். "கிருமிக்குச் சோறு போடுறாளாம்" என்று ஊரே சிரித்தது.

மூன்றாம் வருடம் தண்ணீர் தெளிந்தது. நன்றி சொல்ல, எங்கள் ஊர்க்காரி குல்ஷாரா ஆடு அடித்து எங்களை அழைத்தாள். ரைஹான் நேராகக் கிணற்றடிக்குப் போனார். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது.

"நீங்க வர்றீங்கன்னு தெருவுல எல்லாரும் அவங்கவங்க கிணத்துல மூட்டை மூட்டையாக் கொட்டுனோம்" என்றாள் குல்ஷாரா பெருமையாக. "விருந்தாளிக்குக் கிருமித் தண்ணியையா குடுப்பாங்க?"

ரைஹான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். குல்ஷாரா கிண்ணத்தில் பாதி டீதான் ஊற்றினாள். எங்களில் அதுதான் மரியாதை; முழுக்க ஊற்றினால் 'கிளம்பு' என்று அர்த்தம். அந்தப் பாதியைக் குடித்துவிட்டு ரைஹான் எழுந்தார்.

வண்டியில் ஏறியதும் என்னிடம் சொன்னார். "ஃபாக்டரிக்காரன் சொல்லாம விஷத்தைக் குடுத்தான், குடிச்சாங்க. நான் அந்தக் கிருமிதான் மருந்துன்னு வீடு வீடாச் சொன்னேன். கொன்னுட்டாங்க."