வாசலில் கழற்றிய காலிப்பர்

நாரின் என்ற எங்கள் மலையூரில் தபால் பையோடு என் நாத்தனார் ஜூராகான் நடந்துவந்தால் தெரு நாய்கூட ஒதுங்கிவிடும். அப்படியொரு வேகம். எங்கள் பக்கம் குழந்தை நடக்கத் தொடங்கியதும் அதன் கால்களில் கயிறு கட்டி நிறுத்துவோம். ஓடிவந்து முதலில் தொடுகிறவர்தான் கயிற்றை அறுக்க வேண்டும். அவருடைய நடை குழந்தைக்கு வருமாம். எங்கள் தெருக் குழந்தைகளில் பாதிப் பேருக்குக் கயிறு அறுத்தது ஜூராகான்தான்.

இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்து அவளுடைய வலப்பக்கம் விழுந்துவிட்டது. தொங்கும் பாதத்தைத் தூக்கிப்பிடிக்க ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் காலிப்பர் கொடுத்தார்கள். அதை ஷூவுக்குள் போட்டால் முற்றத்தைச் சுற்றி வந்துவிடுவாள். வாசலுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றுவாள், கூடவே காலிப்பரும் போய்விடும். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து நடப்பாள். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்தான் கிடக்க வேண்டும். கால் எப்படித் தேறும்?

“உள்ளயும் ஷூ போட்டுக்கங்கக்கா.”

“கம்பளத்து மேல ஷூவா? உங்க அம்மா வீட்டுல வேணா அப்படி நடப்பாங்கடி!”

எனக்கு வந்ததே கோபம்! “சரி, விழுந்து இடுப்பை ஒடைச்சுக்கங்க. கம்பளம் சுத்தமா இருக்கும்!”

மறுநாள் சந்தையில் ஒரு புது ஷூவும் ரப்பர் மேல்செருப்பும் வாங்கிவந்தேன். மசூதிக்குப் போகிற பெரியவர்கள் தோல் காலணிக்கு மேல் மாட்டி வாசலில் கழற்றுவார்களே, அது. அவளுடைய புது ஷூவுக்கு மேல் மாட்டிவிட்டேன். வாசலில் மண்ணோடு ரப்பர் மட்டும் கழன்றது, சுத்தமான ஷூவும் காலிப்பரும் காலிலேயே நின்றன.

“இது முன்னாடியே தோணலையாடி உனக்கு?” என்றாள். கொழுப்பைப் பாருங்கள்!

குளிர்காலம் பூராவும் வீட்டுக்குள் நடந்து தீர்த்தாள். வசந்தத்தில் பக்கத்து வீட்டு நுர்ஜமாலின் மகன் பெக்தூருக்குக் கயிறு அறுக்கும் நாள் வந்தது. ஓட்டத்துக்கு வரிசைகட்டி நின்றவர்களோடு இவளும் போய் நின்றாள்.

நுர்ஜமால் ஓடிவந்தாள். “நீங்க உக்காந்து டீ குடிங்கக்கா. புள்ளையோட நடை பாருங்க… தப்பா நெனைக்காதீங்க.”

ஜூராகான் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் நகரவில்லை. “கயித்த யாரு வேணா அறுக்கட்டும்மா. நான் அங்க வரைக்கும் நடந்து வர்றேன், அவ்வளவுதான்.”

நுர்ஜமாலின் தம்பிதான் முதலில் போய் அறுத்தான். அறுத்த கையோடு குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடினான். பெக்தூர் குப்புற விழுந்து வீறிட்டான். அம்மாவிடமும் போகவில்லை.

அப்போதுதான் ஜூராகான், குழந்தையை நிறுத்தியிருந்த வெள்ளைக் கம்பளத்தின் ஓரத்துக்கு வந்துசேர்ந்தாள். என் தோளைப் பிடித்து ரப்பரைக் கழற்றிவிட்டு ஏறினாள். காலிப்பர் கிறீச்சென்றது. பெக்தூர் அழுகையை நிறுத்தி அந்தக் காலையே பார்த்தான். பிறகு எழுந்து அவளுடைய இடது கை விரலைப் பிடித்துக்கொண்டான்.

ஓர் அடி, கொஞ்சம் நிற்பது, இன்னோர் அடி. அவனும் அப்படித்தான், இவளும் அப்படித்தான். விழாமல் கம்பளத்தின் கடைசிவரை போய்விட்டார்கள். நான் முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நுர்ஜமாலும் அழுதுகொண்டிருந்தாள். “இன்னொரு தடவ கூட்டிட்டுப் போங்கக்கா.”

“இருடி,” என்றாள் ஜூராகான். “எனக்கும் மூச்சு வாங்குது, இவனுக்கும் வாங்குது.”