முருகன் முகத்தில் நின்ற கார்

“இது விண்டோஸ் இல்லம்மா, லினக்ஸ். உங்க வீட்ல ஒருத்தருக்கும் வராது. ஐகான்தானே? வீக்கெண்ட் வந்து நானே வெச்சுத் தரேன்.”

தன் பழைய லேப்டாப்பை எங்களுக்குக் கொடுத்த அங்கிள், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் நின்று என்னிடம் சொன்னது இது. பக்கத்தில் அவர் மனைவி, ஆன்ட்டி, நின்றிருந்தார். அந்த வீக்கெண்ட் அங்கிள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

அப்பா மவுரி அவென்யூவில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். அவரும் அம்மாவும் ஐந்தாவதைத் தாண்டாதவர்கள். அதனால் ஆறாவதில் கால் வைத்த அன்றே வீட்டில் அதிகம் படித்தவள் நானாகிவிட்டேன். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

ஊரின் மறுகோடியில் ஒரு டேகேரில் அம்மாவுக்குச் சமையல் வேலை காத்திருந்தது. கார் ஓட்ட லைசென்ஸ் இருந்தால்தான் அது கிடைக்கும். அதற்கு முதலில் சாலை விதிகள் பற்றிய தேர்வில் தேற வேண்டும். அதற்கான பயிற்சி லேப்டாப்பில் இருந்தது. ஆனால் அதைத் திறக்க, திரையில் வரும் ஒரு கறுப்புப் பெட்டியில் ஆங்கிலத்தில் ஒரு வரி தட்ட வேண்டும். அது எனக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு ஓய்வு கிடைப்பதோ நான் பள்ளியில் இருக்கும்போது. ஓர் ஐகான் இருந்தால் அம்மாவே ஒரு கிளிக்கில் திறந்துகொள்ளலாம் என்று, அங்கிளுக்குக் காத்திராமல் நானே வைக்க உட்கார்ந்தேன்.

லினக்ஸில் ஐகான் வைப்பது இழுத்துப் போடுகிற வேலையாக இருக்கவில்லை. பெயர் என்ன, பயிற்சி எங்கே இருக்கிறது, எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பு எழுத வேண்டும். எழுதி, டெஸ்க்டாப்பில் வைத்துக் கிளிக் செய்தேன். பயிற்சிக்குப் பதில் நான் எழுதிய வரிகளே திறந்துகொண்டு என்னை முறைத்தன. பெரிய எழுத்து, சின்ன எழுத்துக்கெல்லாம் கோபித்துக்கொள்ளும் சாதனம் அது. திருத்தினேன். மறுபடியும் அதே வரிகள். கடைசியில், அந்தக் கோப்பு இயங்கலாம் என்று அனுமதி கொடுத்து ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும் என்று தெரிந்தது. நான் எழுதிய கோப்புக்கு நானே அனுமதி தரவேண்டுமாம்! போட்டேன். திரையில் ஒரு குட்டிக் கார் முளைத்தது.

“அம்மா, சீக்கிரம் வந்து கிளிக் பண்ணு!”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். திரை முழுக்க அப்பா வைத்திருந்த முருகன் படம். கார் சரியாக முருகன் முகத்தில் நின்றது.

“ஏங்கண்ணு, சாமி மூஞ்சில கொண்டுபோயா காரை நிறுத்துவே? அதுமேல என்னைக் குத்தச் சொல்றே?”

“அது வெறும் வால்பேப்பர்ம்மா!”

“இருக்கட்டும். நகர்த்து.”

நகர்த்தினேன். வேலுக்குக் குறுக்கே நிற்கிறது என்றார். இன்னும் தள்ளினேன்.

“பாவம், மயிலு மேல ஏத்தறே.”

பல்லைக் கடித்துக்கொண்டு பாதத்துக்குக் கீழே வைத்தேன். சரி என்றார். ஆனால் அழுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை, ராகு காலம். அது முடிந்ததும் அடுப்பில் குழம்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கிள் சொன்னது சரிதானோ என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் பள்ளியில் பாதி நாளோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக் கதவருகே வந்தபோது உள்ளே ‘டொய்ங்’ என்றது. பயிற்சியில் தப்பான விடை சொன்னால் வரும் சத்தம். மறுபடியும் டொய்ங். கூடவே அம்மாவின் குரல்: “அட போடா! இன்னொருக்கா கேளு, சொல்றேன்.”

நான் கதவைத் திறந்ததும் லேப்டாப் மூடிக்கொண்டது.

“கொழம்பு சுட வெக்கட்டுமா கண்ணு?”

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆறாவது படிக்கிற நான் பக்கத்திலேயே இருக்கிறேன், கேட்டால் சொல்லித்தர மாட்டேனா? தப்பாகச் சொல்லிப் பார்க்க அம்மாவுக்கு ஆளில்லாத ஒரு வீடு வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போது எட்டவில்லை. அம்மா தேறினார், ஓட்டக் கற்றார், டேகேர் வேலைக்கும் போனார். அப்போதும் எட்டவில்லை.

இத்தனை வருஷம் கழித்து, போன வாரம் ஆன்ட்டி போன் செய்தார். “சிட்டிசன்ஷிப் டெஸ்ட்டுக்கு பிராக்டிஸ் பண்ணணும்மா. லேப்டாப்ல எங்க இருக்குன்னே தெரியல. உங்க அங்கிள், உனக்கு வராது, நானே ஓப்பன் பண்ணித் தரேங்கறாரு.”

அங்கிள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் போய் ஐகானை வைத்துக் கொடுத்தேன். லேப்டாப்பின் சத்தத்தைக் குறைத்தேன். அழுத்திப் பாருங்கள் ஆன்ட்டி என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் வெளியே வந்து காரில் ஏறிவிட்டேன்.