பொம்மை நடனமும் இரண்டு இடைவேளைகளும்

அந்த ஞாயிற்றுக்கிழமை சரியாக மூன்று மணிக்குத் திரை விலகியது. நேரங்களை நிகழ்ச்சித் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்ததால் வரிசை பிசகாமல் எழுத முடிகிறது.

மத்திய லண்டன் அரங்கொன்றில் பாலே நடனம். டிக்கெட் எடுத்தவள் மகள். அவளும் அவள் விரும்பிய பையனும் நடுவில். இல்ஃபோர்டிலிருந்து வந்த நானும் மனைவியும் ஒரு பக்கம். வால்தம்ஸ்டோவிலிருந்து வந்த அவன் பெற்றோர் மறுபக்கம். அவர்கள் மதுரைக்காரர்கள்; தந்தை மருத்துவர். கல்யாணப் பேச்சை நான் தொலைபேசியில் தொடங்கியபோது, “வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன் சார்” என்றார். பிறகு இருபத்தொன்பது நாட்கள் பதில் இல்லை. யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்பதும் சிக்கலாகிவிட்டது. அதனால்தான் பொது இடம்.

“ரெண்டு இன்டர்வெல் இருக்கு அப்பா, அதுக்குள்ள கேளுங்கோ” என்று வீட்டிலிருந்து புறப்படும்போதே சொல்லியிருந்தாள் மகள். “மற்ற நேரம் ஒருத்தரும் கதைக்கேலாது. சண்டையும் வராது.”

மனைவி சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள். ஞாயிறு இராகு காலம் நாலரை முதல் ஆறு வரை. “முதல் இன்டர்வெல்லிலேயே கேட்டுப்போடுங்கோ. நாலரைக்குப் பிறகு வாய் திறக்கக் கூடாது. என்ர பிள்ளையின்ர விஷயம்.”

மேடையில் ஒரு கிராமத்து இளைஞன். கல்யாணத்துக்குப் பேசி முடித்த பெண் பக்கத்தில் நிற்க, மாடி ஜன்னலில் புத்தகத்தோடு அசையாமல் இருந்தவளுக்கு முத்தத்தைக் காற்றில் அனுப்பினான். அவள் ஒரு கிழவன் செய்த பொம்மை என்பது அவனுக்குத் தெரியாது.

“நல்ல மாப்பிள்ளை” என்று மனைவி என் காதில் சொன்னாள். “எங்கட மகள் எங்களை இதைப் பாக்கவோ கூட்டிக்கொண்டு வந்தவள்?”

மூன்று முப்பத்தெட்டுக்கு முதல் இடைவேளை. நான் எழுந்து சட்டையைச் சரிசெய்து திரும்பினேன். டாக்டரின் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரோம்” என்றார். டிசம்பர் குளிர், ஓவர்கோட்டுகளைக் கீழே ஒப்படைத்திருந்தோம். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். இருவரும் தெருவில் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசி மணி அடித்த பிறகே உள்ளே வந்தார்கள்.

“வேண்டாமெண்டால் போனிலேயே சொல்லியிருக்கலாம்” என்றாள் மனைவி. மகள் எங்களைப் பார்க்கவில்லை. அவள் மடியில் நிகழ்ச்சித் தாள் சுருண்டு குழாயாகியிருந்தது.

இரண்டாம் அங்கத்தில், கல்யாணம் பேசி முடித்த அந்தப் பெண், பொம்மையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு கிழவனை ஏய்த்தாள். கட்டை போல நடந்தாள். கிழவன் அசந்த நேரம் அவனுக்கே ஒரு அடி வைத்தாள். அரங்கம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

நான்கு முப்பத்திரண்டுக்கு இரண்டாம் இடைவேளை. இம்முறை அவர்களே எங்களை நோக்கி வந்தார்கள். மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். “இஞ்சேருங்கோ, ஐஸ்கிரீம் வாங்குவம்.” ஒருவரும் கேட்காத ஐஸ்கிரீமுக்காக வரிசையில் நின்றோம். திரும்பிப் பார்த்தேன். டாக்டரின் மனைவி நடுவழியிலேயே நின்றிருந்தார். முகம் விழுந்துவிட்டது.

வரிசை ஒரு ஜன்னலோரம் நகர்ந்தது. வெளியே தெருவிளக்குகள் எரிந்தன, நன்றாக இருட்டியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இராகு காலம் பகலின் எட்டில் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமை அது கடைசிப் பங்கு. எங்கள் சுவர் நாட்காட்டி ஆறு மணிக்குச் சூரியன் மறையும் ஊருக்கு அச்சடித்தது. இங்கே சூரியன் நாலுக்கு முன்பே போய்விட்டது; முதல் இடைவேளை அந்தக் கடைசிப் பங்குக்குள் விழுந்திருந்தது. அப்படியானால் குளிரில் நின்றவர்கள் எதற்காக நின்றார்கள்?

மூன்றாம் அங்கத்தில் மேடையில் கல்யாணம் நடந்தது. நான் பார்க்கவில்லை. என் கணக்குத் தப்பென்றால், மனைவி சொன்ன கெட்ட நேரத்தில் வாய் திறந்து மகளின் காரியத்தைக் கெடுத்தவன் நானாவேன். பேசாமல் விட்டால் அவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஐந்து இருபத்தாறு. கோட்டுகள் வாங்கும் இடத்தில் அவரை நெருங்கினேன். மனைவியின் விரல்கள் என் கையில் அழுந்தின.

“டொக்டர், முதல் இடைவேளையில நீங்கள் குளிருக்குள்ள நிண்டது இராகு காலத்துக்காகவோ?”

அவர் தன் மனைவியைப் பார்த்தார். “ஆமா சார். இவ போன்ல லண்டன் டைம் பாத்தா. நாலு மணிக்கு முன்னாடி பேசவே கூடாதுன்னுட்டா. அப்புறம் வந்தா, நீங்க எழுந்து போயிட்டீங்க. வேணாம்ங்கிறதை மரியாதையாச் சொல்றீங்கன்னு நெனச்சோம்.”

“இருபத்தொன்பது நாளா ஒரு பதிலும் வரேல்லையே.”

“ஊர்ல எங்க அண்ணன் ஒத்துக்கணும்ல. முந்தாநாள்தான் இறங்கி வந்தார். எங்களுக்குச் சம்மதம்னு சொல்லத்தான் வந்தோம். உங்களுக்கு?”

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தோம். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

“அம்மா?” என்றாள் மகள்.

மனைவி சம்பந்தியம்மாவின் கையைப் பற்றிக்கொண்டாள், பேசவில்லை. அவர் ஒரு கணம் குழம்பினார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “உங்க கணக்குக்கு ஆறு மணி வரைக்குமா?”

மனைவி தலையசைத்தாள்.

“பரவால்லை, காத்திருக்கோம். எங்கயாவது காபி குடிக்கலாம்.”

எதிரே ஒரு கடையில் ஆறு பேரும் உட்கார்ந்தோம். டாக்டர் மதுரை வெயிலைப் பற்றிப் பேசினார். மகளின் காபி ஆறி ஆடை கட்டியது. ஆறு மணி கடந்து இரண்டு நிமிடத்தில் மனைவி தொண்டையைச் செருமினாள்.

“ஓம். எங்களுக்கும் முழுச் சம்மதம்.”