தாலாட்டு சாரின் சிவப்பு சாக்பீஸ்

“தாலாட்டு சாருக்குக் கணக்கே தெரியாதாமே, நிஜமாவா?” என்று முடிவெட்டும் கடையில் ஒருவர் கேட்டார். சார் வேலை பார்த்த பள்ளியில்தான் நானும் படித்தேன், பக்கத்து வகுப்பில். ஆனாலும் உள்ளே நடந்தது எனக்கும் தெரியாது. பிறகு சாரையே தேடிப் போய்க் கேட்டேன். அவர் சொன்னதுதான் இது.

தாலாட்டு சார் தற்காலிக ஆசிரியர். ஒவ்வோர் ஆண்டும் வேலை நீடிக்குமா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவர். அவருக்குக் கிடைத்தது எட்டாம் வகுப்புக்குக் கணக்கு, அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மேலே தகரக் கூரை. ஜன்னலுக்கு வெளியே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் இரைந்துகொண்டே இருக்கும். சாரின் குரலும் அதே சுருதி. இரண்டும் சேர்ந்தால் யாருக்குத்தான் கண் சொக்காது? பட்டப்பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவர் செய்யாத வித்தை இல்லை. கதை சொன்னார். அட்டையில் வட்டமும் முக்கோணமும் வெட்டிக் கொண்டுவந்தார். ஒருநாள் வாய்ப்பாட்டைப் பாடியே காட்டினார். அதுவரை விழித்திருந்த இரண்டு பேரும் அதில் சாய்ந்துவிட்டார்கள்.

தூங்குவதில் முதலிடம் ‘கொட்டாவி’ என்று பட்டப்பெயர் வாங்கியவனுக்கு. விடியும் முன்பே அப்பாவோடு சந்தைக்குப் போய்ப் பெட்டி இறக்கிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பையன். அவன் தலை பெஞ்சில் விழுகிற சத்தம் கேட்டால் பாடம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஒருநாள் சார் பலகையில் ஒரு கணக்கு எழுதினார். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் பெட்டி, மொத்தம் எண்பத்தாறு. அசதியில் கை தவறிவிட்டது.

“சார், தொண்ணூத்தாறு சார்!” பின்பெஞ்சிலிருந்து கொட்டாவி. “பத்துப் பெட்டியைக் காணோமே, யாரு சார் தூக்கிட்டுப் போனது?”

வகுப்பே குலுங்கிச் சிரித்தது. சார் திரும்பிப் பார்த்தார். எல்லாக் கண்ணும் திறந்திருந்தது. அந்த வகுப்பின் கண்களை மொத்தமாக அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாளிலிருந்து தினமும் ஒரு தப்பு. கண்டுபிடிப்பவர் எழுந்து வந்து சிவப்பு சாக்பீஸால் அதைச் சுழித்துவிட்டுச் சரியான விடையை எழுத வேண்டும். அதற்காகவே பிள்ளைகள் ஒவ்வொரு வரியையும் கழுகு மாதிரி பார்த்தார்கள். பார்த்த வேகத்தில் கணக்கும் மண்டையில் ஏறியது.

வீட்டில் அவர் மனைவி சிரிப்பார். “ஏங்க, நாளைக்கு என்ன தப்பு பண்ணலாம்னு உக்காந்து யோசிக்கிற ஒரே வாத்தியார் நீங்கதான். வேணும்னேதான் எழுதுறேன்னு பசங்ககிட்ட சொல்லிட்டா என்ன?”

“சொன்னா சப்புனு போயிடும். சாரை மாட்டிவிட்டோம்ங்கிற சந்தோஷத்துலதான் முழிச்சிருக்காங்க. அதையும் பிடுங்கிட்டா மறுபடி தாலாட்டுதான்.”

ஆண்டு முடியும் நேரம். தலைமை ஆசிரியை அவரைக் கூப்பிட்டார். “சார், நாளைக்குக் கல்வி அதிகாரி உங்க வகுப்புல உக்காருவாரு. உங்க வேலை அவர் கையிலதான் இருக்கு. வகுப்பு உயிரோட இருக்கணும், அவ்வளவுதான்.”

“அது கவலை இல்ல மேடம்” என்றார் சார். அவர் கவலை இல்லை என்று சொன்னது அந்த ஆண்டில் அந்த ஒரு தடவைதான்.

அதிகாரி வருவது தெரிந்து, அன்று சாயங்காலம் பிள்ளைகளும் டயர் கடைப் பக்கம் கூடிப் பேசியிருக்கிறார்கள். அது சாருக்குத் தெரியாது.

மறுநாள் பின்சுவர் ஓரம் நாற்காலி போட்டு அதிகாரியும் மேடமும் உட்கார்ந்தார்கள். சார் யாருக்கும் கண்ணில் படக்கூடிய தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தார். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு. எழுதிவிட்டு நகர்ந்து நின்றார். சிவப்பு சாக்பீஸ் மேசை ஓரத்தில் இருந்தது.

யாரும் எழவில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு சிலைபோல இருந்தார்கள்.

“நல்லா பாருங்க” என்றார் சார். “சரியா இருக்கா?”

“சரியா இருக்கு சார்!” என்றது வகுப்பு, ஒரே குரலில்.

சார் சிவப்பு சாக்பீஸை எடுத்து நீட்டியும் யாரும் வரவில்லை. அதிகாரி எழுந்து கொட்டாவியிடம் வந்தார். “ஏம்பா, அரையோட இன்னொண்ணு சேர்த்தா அரையைவிடக் குறையுமா?”

கொட்டாவி பலகையைப் பார்த்தான், சாரைப் பார்த்தான். “குறையும் சார். எங்க சார் எழுதினா கரெக்டாத்தான் இருக்கும்.”

அதிகாரி குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டு கிளம்பினார். நடந்தது எல்லாவற்றையும் சார் மேடத்தின் அறையில் நின்று சொன்னார். சொல்லச் சொல்ல அது அவர் காதுக்கே சாக்குப்போக்கு மாதிரி ஒலித்தது.

“வேணும்னே தப்பா எழுதினீங்க, பசங்க வேணும்னே கண்டுபிடிக்கல. இதை நான் அவர்கிட்ட போய் சொன்னா என்னைப் பார்த்துச் சிரிப்பாரு சார்” என்றார் மேடம். அவர் குரலில் கோபமில்லை. அதுதான் சாருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்தவரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். எல்லோர் முகத்திலும் வெற்றிக் களை.

“சார், காப்பாத்திட்டோம்ல!” என்றான் கொட்டாவி. “பார்த்ததுமே தெரிஞ்சுது சார், ஆறுல அஞ்சு. பெரியவங்க முன்னாடி உங்க மானம் போகக் கூடாதுன்னு நேத்தே பேசி வெச்சுட்டோம். இவ வேற கை தூக்கப் பார்த்தா, நான்தான் கிள்ளி உக்கார வெச்சேன்.”

“வலிச்சுது சார்” என்றாள் அவன் முன்பெஞ்சுப் பெண்.

சார் ஒருவர் விடாமல் எல்லோரையும் பார்த்தார்.  “ரொம்ப நன்றிப்பா. நல்ல நேரத்துல காப்பாத்தினீங்க” என்று மட்டும் சொன்னார்.

பள்ளி அவரை மீண்டும் அழைக்கவில்லை. டியூஷன் என்று வீட்டில் பலகை மாட்டினார். கணக்குத் தெரியாத வாத்தியார் என்று பேர் பரவிய ஊரில் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? இப்போது சிமென்ட் கிடங்கில் லாரிக்குச் சீட்டு எழுதுகிறார். வகுப்புக்குப் புதிதாக ஒருவர் வந்தார், தப்பே எழுதாதவர். கொட்டாவி மறுபடி தூங்கினான். தேர்வில் தோற்று, படிப்பை விட்டுவிட்டு முழுநேரமும் பெட்டி இறக்குகிறான்.

“பசங்ககிட்ட ஏன் சார் உண்மையைச் சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா, அவங்கதான் என் வேலைக்கு உலை வெச்சதா ஆயிடும்பா” என்றார். அடுத்த லாரி ஹாரன் அடித்தது. எழுந்து போனார்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். அவருக்குக் கணக்குத் தெரியும் என்று நாலு பேருக்காவது தெரியட்டும். அந்த வகுப்புப் பிள்ளைகளில் யாராவது எதிரே இருந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள்.