ஐந்து கல்லூரிக்கு ஒரே விண்ணப்பம்

பார்சல் கிடங்கில் அவளுக்கு டேப்பக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். அட்டையை நிமிர்த்தி, பொருளை வைத்து, மூடி, டேப்பைக் கரகரவென்று இழுத்து ஒட்டி அவள் ஒரு பெட்டியை முடிக்கிற நேரத்தில் பக்கத்து மேசைக்காரர் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருப்பார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு கை.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. பெட்டிக்கு மேலே முகவரிச் சீட்டு ஒட்டுவது எல்லோரும் செய்வதுதான். அவள் உள்ளேயும் ஒரு துண்டுக் காகிதத்தில் யாருக்குப் போகிறது என்று எழுதிப் போட்டுவிடுவாள். ஆரம்பத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள். ஒரு மழை நாளில் லாரிக்குள் தண்ணீர் புகுந்து இருநூறு பெட்டிகளின் மேல்சீட்டும் கூழாகி உரிந்து வந்தது. ஊர் போய்ச் சேர்ந்தவை அவள் கட்டிய பெட்டிகள் மட்டும்தான். கேலி செய்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. மறுநாளே மேலாளர் எல்லோரையும் உள்சீட்டு போடச் சொல்லிவிட்டார்.

இருபது வருடமாக அவளுக்குச் சோறு போட்ட இந்த வழக்கம், கல்லூரிக்கு விண்ணப்பித்தபோதுதான் காலை வாரிவிட்டது.

ஆமாம், கல்லூரிதான். முப்பத்தொன்பது வயதில். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், கதை இங்கேயேதான் இருக்கும்.

பள்ளி இறுதித் தேர்வில் அவள் வகுப்பில் இரண்டாவது. முடிவு வந்த அதே மாதம் அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். "ஒரு வருஷம் போகட்டும்மா, அடுத்த வருஷம் சேந்துக்கலாம்" என்றார்கள். அடுத்த வருடம் கிடங்கில் வேலை கிடைத்தது. அதற்கடுத்த வருடம் கல்யாணம். அப்புறம் மூத்தவன், அப்புறம் இளையவள். யாரும் அவளைப் படிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். நல்லபடியாகப் பேசிப் பேசியே இருபது வருடத்தை ஓட்டிவிட்டார்கள். அந்த எரிச்சல் அவளுக்குள் அப்படியே இருந்தது. அதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ஆனால் அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. பஸ் ஓட்டுகிறவர், பேச்சு குறைவு. ஒரு நாள் பஸ்ஸில் யாரோ விட்டுப்போன செய்தித்தாளில் ஒரு மூலையை மட்டும் கிழித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். வேலை பார்க்கிறவர்களுக்கு மாலை நேரப் பட்டப்படிப்பு. வயது நாற்பதுக்குள் இருக்க வேண்டும்.

"எனக்கு இன்னும் நாலு மாசத்துல நாற்பதுங்க" என்றாள் அவள்.

"அதான் கொண்டாந்தேன். இந்த வருஷம் விட்டா அப்புறம் கேட்டாலும் தரமாட்டாங்க."

முன்பெல்லாம் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் தனித்தனியாக வரிசையில் நின்று படிவம் வாங்க வேண்டும். இப்போது பத்துக் கல்லூரிகள் சேர்ந்து இணையத்தில் ஒரே படிவமாக வைத்துவிட்டன. ஒரு தடவை நிரப்பினால் போதும், வேண்டிய கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவள் ஐந்தைத் தேர்ந்தெடுத்தாள். முதலாவது, ஊரெல்லாம் மணிக்கூண்டுக் கல்லூரி என்று சொல்கிற பழைய பெரிய கல்லூரி. மீதி நான்கும் சும்மா ஒரு துணைக்கு.

நான்கு நாள் மதிய இடைவேளையில் போனிலேயே நிரப்பினாள். பிறந்த தேதி, மதிப்பெண், வேலை பார்க்குமிடம் எல்லாம் சரசரவென்று போயிற்று. கடைசியில் ஒரு கட்டுரை கேட்டார்கள்: இந்தப் படிப்பு உங்களுக்கு ஏன் வேண்டும்? ஐநூறு சொல்லுக்குள். அவள் பழுப்புத் தாளில் பேனாவால் எழுதி, அடித்து, திரும்ப எழுதினாள். இருபது வருடத்து எரிச்சல் மொத்தமும் அதில் இறங்கிவிட்டது. நன்றாகவே எழுதியிருந்தாள்.

எழுதி முடித்த பிறகு பழைய புத்தி எட்டிப் பார்த்தது. படிவம் கண்ணுக்குத் தெரியாமல் எங்கேயோ காற்றில் போகிறது, வழியில் மாறிப்போனால்? உள்ளே பெயர் இருக்க வேண்டாமா? மணிக்கூண்டுக் கல்லூரியின் பெயரைக் கட்டுரைக்குள் மூன்று இடத்தில் போட்டாள். போட்டதோடு விட்டாளா? "தங்கள் கல்லூரியைத் தவிர வேறெதையும் நான் மனத்தாலும் நினைத்ததில்லை" என்று ஒரு வரி வேறு. கட்டுரை முதல் இடத்துக் கல்லூரிக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கு மதிப்பெண்ணைக் காட்டினால் போதும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். யாரைக் கேட்டாள் என்று கேட்காதீர்கள். யாரையும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மாலை 'அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தினாள். உங்கள் விண்ணப்பம் அனுப்பப்பட்டது என்று வந்தது, பக்கத்தில் பச்சையாக ஒரு டிக்.

"அஞ்சுக்கும் போயிடுச்சா?" என்றார் புருஷன்.

"ஒரே படிவம்தானே, போகாம எங்க போகும்?"

அன்று அவள் குழம்பில் உப்புப் போட மறந்தாள். வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. காலை டீ நேரத்தில் கிடங்கின் வாயாடி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டிகளின் சீட்டைக் கருவியால் படிக்கிற வேலை என்பதால் அவளுக்கு ஸ்கேனர் என்று பெயர். ஊர்க்கதை எதுவும் அவள் கண்ணிலிருந்து தப்பாது. அதற்காகவும் அந்தப் பெயர் பொருந்தியது.

"என்னக்கா, அனுப்பியாச்சா? எங்க அண்ணன் பொண்ணு போன வருஷம் இதே படிவம்தான் போட்டா. கட்டுரைதான் பெரிய ரோதனை. ஒரே கட்டுரை எல்லாக் காலேஜுக்கும் போகுது பாருங்க, அதனால பொதுவா எழுதணும். அவகூட ஒருத்தி ஒரு காலேஜ் பேரை உள்ள எழுதித் தொலைச்சிட்டாளாம். மத்த காலேஜ்காரங்க சும்மா இருப்பாங்களா? ஒண்ணுலயும் இடம் கிடைக்கல."

டேப்பக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எல்லாக் காலேஜுக்குமா?"

"பின்ன? நீங்க பேரு எதுவும் எழுதலையே?"

நான்கு கல்லூரிகளில் நான்கு பேர் உட்கார்ந்து, உங்களை நான் மனத்தாலும் நினைத்ததில்லை என்று அவள் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் வேறு பெண்ணின் பெயரை அச்சடித்து மாமனார் வீட்டுக்கே அனுப்பி வைத்ததுபோல் ஆகிவிட்டதே!

போனைத் திறந்து பார்த்தாள். மணிக்கூண்டுக் கல்லூரியைத் தொட்டதும் முதல் வரியிலேயே இருந்தது: அனுப்பிய விண்ணப்பத்தைத் திருத்த இயலாது. அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உதவி எண்ணை அழைத்தால் உங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர் என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டைப் போட்டார்கள். டீ நேரம் முடிந்துவிட்டது. மேசைக்குப் போனாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒரு பெட்டியைத் தலைகீழாக ஒட்டினாள்.

மதிய இடைவேளையில் புருஷனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். "சரி விடு, மணிக்கூண்டாவது இருக்குல்ல" என்றார் அவர்.

"எதை விடச் சொல்றீங்க? எல்லாத்தையும்தான் விட்டாச்சே! அந்தக் காலேஜுல எத்தனை ஆயிரம் பேர் போட்டிருப்பாங்க தெரியுமா? நானே என் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேங்க!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வேறு யாராவது கெடுத்திருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். அவள் கையாலேயே ஆகிப்போனதுதான் தாங்கவில்லை.

மறுபடி உதவி எண். இந்தத் தடவை பதினெட்டு பேர். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டுக் காத்திருந்தாள். ஸ்கேனர் குற்றவாளிபோல எதிரில் உட்கார்ந்திருந்தாள். ஒன்று நாற்பதுக்கு ஒரு பெண் எடுத்தாள்.

டேப்பக்கா மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"மேடம், உங்க திரையில பச்சை டிக் எத்தனை தெரியுது?"

"ஒண்ணு."

"எந்தக் காலேஜுக்கு நேரா?"

"மணிக்கூண்டு."

"மத்த நாலுக்கும் நேரா என்ன இருக்கு?"

அப்போதுதான் அவள் திரையைக் கீழே தள்ளிப் பார்த்தாள். "மஞ்சளா ஒரு வட்டம்மா. எல்லாத்துலயும்."

"அப்ப பயப்படாதீங்க மேடம். நீங்க ஒரு காலேஜுக்குத்தான் அனுப்பியிருக்கீங்க. மத்த நாலுக்கும் இன்னும் போகவே இல்ல."

"போகலையா?"

"படிவம்தான் பொது. அனுப்பறது தனித்தனி. ஒவ்வொரு காலேஜையும் திறந்து அனுப்புங்கற பட்டனைத் தனியா அழுத்தணும். அனுப்பாத காலேஜுக்குக் கட்டுரையை இன்னும் திருத்தலாம், அந்தப் பேரை எடுத்துடுங்க. காலேஜ் பேரோட எழுதறதுக்குச் சில காலேஜுங்க தனியா ஒரு கேள்வி வச்சிருக்கும், அதுல எழுதிக்கலாம்."

போன உயிர் திரும்பி வந்தது. அந்தக் கட்டுரை போக வேண்டிய ஒரே ஒரு இடத்துக்குத்தான் போயிருக்கிறது! அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள். எதிரில் இருந்த ஸ்கேனர், "அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

"மேடம், சந்தோஷம் அப்புறம்" என்றாள் அந்தப் பெண். "கெடு இன்னைக்கு அஞ்சு மணி. இப்ப அனுப்பலைன்னா அந்த நாலும் போச்சு."

சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்கேனர் வாயைத் திறந்து பயமுறுத்தாமல் இருந்திருந்தால், எல்லாம் முடிந்தது என்று அவள் பாட்டுக்குப் போனை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

நேராகச் சூப்பர்வைசரிடம் போனாள். அன்றைக்கு வந்து குவிந்திருந்த பெட்டிகளை அவர் ஒரு பார்வை பார்த்தார், அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"எத்தனை மணி நேரம்?"

"மிச்ச நேரம் பூரா வேணும் சார்."

"நீ பர்மிஷன் கேட்டு நான் பாத்ததே இல்ல. போ, போய் முடி."

கிடங்கின் பின்பக்கம், மடித்து அடுக்கிய அட்டைகள்மேல் உட்கார்ந்தாள். மணிக்கூண்டின் பெயரை ஒவ்வொன்றாக எடுத்தாள். மனத்தாலும் நினைத்ததில்லை என்ற வரியை அடியோடு தூக்கினாள். மூன்று தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். அவளுக்கு அவள்மேலேயே நம்பிக்கை இல்லாமல், டாய்லெட் போகிற சாக்கில் வந்த ஸ்கேனரையும் ஒரு தடவை படிக்கச் சொன்னாள். "சுத்தமா இருக்குக்கா. கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, இவ்வளவு நல்லா எழுதுவீங்களா நீங்க?" என்றாள் அவள்.

முதல் இரண்டும் சட்டென்று போயின. மூன்றாவது ஒரு கேள்வி கேட்டது, சமாளித்தாள். கடைசி, பாலத்தடிக் கல்லூரி. எங்கள் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டது. மணி நான்கு இருபத்தைந்து. அழகாக எழுத நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. உள்ளதை எழுதினாள்: "என் வேலை நான்கு மணிக்கு முடியும். உங்கள் வகுப்பு ஐந்தரைக்குத் தொடங்கும். என் கணவர் ஓட்டும் பஸ் உங்கள் வாசலில் நிற்கும். ஒரு நாளும் தவறாமல் வந்துவிடுவேன்." அழுத்தினாள். நான்கு முப்பத்தெட்டுக்கு ஐந்தாவது பச்சை டிக் விழுந்தது. அதன் பிறகுதான் டப்பாவைத் திறந்து ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டாள். தேவாமிர்தமாக இருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பதில்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தது மணிக்கூண்டு. வருந்துகிறோம் என்று இரண்டே வரி. அவள் அதைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று படித்தாள். அழுகை வந்தது, அழுதாள். யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் நடித்தார்கள். அடுத்த இரண்டும் இல்லை என்றன. நான்காவது காத்திருப்போர் பட்டியல் என்றது. அதில் எழுபத்தாறாவது. அதற்கு இல்லை என்றே சொல்லியிருக்கலாம்.

ஐந்தாவது ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் வந்தது. திறக்கத் தைரியம் இல்லாமல் போனை ஸ்கேனர் கையில் கொடுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, பாலத்தடிக் காலேஜ். இடம் குடுத்துட்டாங்க!"

"விளையாடாதே."

"சத்தியமா. 'தாங்கள் சேர்த்துக்கொள்ளப்பட்டுள்ளீர்கள்.' இந்தாங்க, நீங்களே பாருங்க."

அவள் பார்க்கவில்லை. போனை வாங்கிப் புருஷனைக் கூப்பிட்டாள். பஸ் எங்கேயோ டிப்போவில் நின்றிருக்க வேண்டும், உடனே எடுத்தார்.

"கிடைச்சிடுச்சுங்க" என்றாள்.

"எந்தக் காலேஜு?"

"என்னைச் சேத்துக்கிட்ட காலேஜுங்க!"

பேச்சு குறைவான அந்த மனுஷன், "இன்னொரு தடவை சொல்லு" என்றார். அவள் இன்னொரு தடவை சொன்னாள்.