கீப் இன் டச்

காலையில் கைபேசிக்கு ஒரு கடை விளம்பரம் வந்தது. கடைசி வரி, தமிழ் எழுத்திலேயே: கீப் இன் டச். அழிக்கப் போன விரல் நின்றுவிட்டது. புதுத்துணியின் கஞ்சி வாசம் மூக்கில் அடித்தது என்றால் நம்புவீர்களா? எனக்கு அந்தத் தொடரின் வாசமே அதுதான்.

கல்முனை பஸாரில் ஒரு புடவைக்கடையில் நானும் றமீஸும் ஏழு வருடம் துணி கிழித்தோம். வெளிநாடு போகும் ஆசையில் மாலைநேர ஆங்கில வகுப்புக்கும் சேர்ந்தே போனோம். போனது இரண்டு மாதம், ஒட்டிக்கொண்டது இந்த ஒரு தொடர். பிரிந்து போகிறவரிடம், போன இடத்திலிருந்து அவ்வப்போது சுகம் விசாரி, தொடர்பை விட்டுவிடாதே என்று கேட்டுக்கொள்வதாம். நாங்களோ சாரன் வாங்கியவர், விலை மட்டும் கேட்டவர் எல்லாரையும் அதைச் சொல்லித்தான் அனுப்பினோம். பெரிய வியாபாரத் தந்திரம் என்ற நினைப்பு.

ஒருநாள் ஒருவர், இறந்துபோன உறவினரின் மையத்தைச் சுற்றி அடக்கக் கபன் துணி வாங்கினார். பொட்டலத்தை நீட்டிய றமீஸ், பழக்கதோஷத்தில் அவரிடமும் "கீப் இன் டச்" என்றான். முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. வந்தவருக்கு ஆங்கிலம் விளங்கும் போலிருக்கிறது.

"ஓம் தம்பி. இந்தத் துணிக்கு எல்லாரும் வரத்தானே வேணும்" என்று சொல்லிப் போனார்.

அன்று முழுக்க யாரிடமும் அதைச் சொல்லவில்லை. மறுநாள் மீண்டும் தொடங்கிவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோவார். றமீஸுக்கு வரிப்பத்தான்சேனையில் பெண் அமைந்தது, கூடவே வயலும். வேனில் ஏறும்போது என் கையை அவன் விடவில்லை.

"மச்சான், வெள்ளாம வெட்டுக்கு நீ வரணும். வராட்டி கதைக்கமாட்டன்."

"வருவன்டா. கீப் இன் டச்" என்றேன். முதல்தடவையாக அதை மனதாரச் சொன்னேன்.

போகவில்லை. அந்தப் போகம் கடையில் பெருநாள் வியாபாரம், அடுத்த போகம் எனக்கே கல்யாணம். பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலப் பயணம்தான். அவன் நாலைந்து தரம் கடைக்குக் கோல் எடுத்தான், பிறகு நிறுத்திவிட்டான். யாரைக் குறை சொல்ல? என்னைத்தான்.

போன மாதம் சந்தையில் கண்டேன். தாடி நரைத்திருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சிரித்தான், பிள்ளைகளை விசாரித்தான், எல்லாம் மரியாதையாக. என் நம்பரைக் கேட்டு வாங்கி அழுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"உங்கட முழுப்பேர் என்ன?"

சொன்னேன். ஏழு வருடமும் என்னை மச்சான் என்று மட்டுமே கூப்பிட்டவன், எழுத்துக்கூட்டி என் முழுப்பெயரைப் பதிந்துகொண்டான்.