ஒன்றும் பண்ணாத பூதம்

மழையில் நனைந்த கம்பளியும் பழைய கார் சீட்டுப் பஞ்சும் ஒரு பகல் முழுக்க வடிந்த வேர்வையும் சேர்ந்தால் ஒரு புளித்த வாடை வரும். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் அப்பா அந்த வாடையோடுதான் தொப்பூரிலிருந்து பஸ் ஏறி அதியமான்கோட்டையில் வந்து இறங்குவார்.

அப்போது எங்கள் தெருப் பிள்ளைகளெல்லாம் சாயங்காலமானால் டிவியில் ஒரு கார்ட்டூன் பூதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உடம்பெல்லாம் ஆரஞ்சு மயிர், ஒற்றைப் பல், பானை வயிறு. "புசுபுசு" என்று நாங்களே அதற்குச் செல்லப்பேர் வைத்திருந்தோம். அதைக் கண்டு ஊரே ஓடும். அதுவோ தன்னோடு விளையாட ஒருத்தர் கிடைக்கமாட்டாரா என்று பின்னாலேயே போகும். கட்டையால் அடிப்பார்கள், கிணற்றில் தள்ளுவார்கள், கடைசியில் அது மேலேறி வந்து அடித்தவனையே கட்டிக்கொள்ளும். தினமும் இதே கதைதான். அதற்கு மேல் யோசிக்க வரைந்தவர்களுக்கு உடம்பு வணங்கவில்லை போலிருக்கிறது. நாங்களும் அதை "நல்ல பூதம், பாவம்" என்று கொஞ்சினோம். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பவனை நல்லவன் என்று சொல்வது மற்றவர்களுக்கு எவ்வளவு வசதி என்று அந்த வயசில் எனக்குத் தெரியவில்லை.

தொப்பூர் ஹைவேஸில் ஒரு ஹோட்டலில் அப்பா மாவரைத்துக்கொண்டிருந்தார். பெங்களூரிலிருந்து பிள்ளைகளோடு வரும் கார்கள் நிற்காமல் போவதைப் பார்த்து அந்த முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு ஆயுளில் வந்த ஒரே யோசனை அதுவாகத்தான் இருக்கும். சேலத்தில் ஆள் பிடித்து புசுபுசு மாதிரியே ஒரு பூத உடுப்பு தைத்து வாங்கினார். தெருவில் "பனைமரத்தார்" என்று பேரெடுத்த எங்கள் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் அது பொருந்தவில்லை. அப்பாவுக்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. "நிழல்ல நின்னு கையாட்டுற வேலைதான்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். புசுபுசு எங்கள் வூட்டில்தான் சோறு தின்கிறது என்று சொன்னதும் எதிரிகள்கூட எனக்கு மிட்டாய் கொடுத்தார்கள்.

மே மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும், அப்பாவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நான் அடம்பிடித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு தொப்பூர் போனேன்.

நிழல் என்று அங்கே எதுவும் இல்லை. ரோட்டோரம் கார்கள் திரும்பும் இடத்தில், தார் கொதிக்கிற வெயிலில், பூதம் கையாட்டிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய, கொழுகொழுவென்று வளர்ந்திருந்த ஒரு பையன் முதலில் தயங்கினான். அவனுடைய அப்பா, படித்த மனுஷர், கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே தைரியம் சொன்னார்: "ஒண்ணும் பண்ணாது. அடிச்சுப் பாரு."

பையன் தண்ணி பாட்டிலால் முழங்காலில் அடித்தான். பூதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடியது. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த காரிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து வாலைப் பிடித்து இழுத்தார்கள். சாம்பார் வாயோடு பெரியவர்களும் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். கார்ட்டூனில் வருகிற மாதிரியே பூதம் இரண்டு அடி தள்ளாடியது, உட்கார்ந்தது, மல்லாந்து விழுந்தது. நானும் கைதட்டினேன். கல்லாவில் இருந்த முதலாளியும் தட்டினார். பூதம் எழுந்து வந்து கட்டிப்பிடிக்கும் என்று பையன் காத்துக்கொண்டு நின்றான்.

அது எழுந்திருக்கவில்லை.

அம்மா ஓடவில்லை. நடந்து போய்க் கீழே உட்கார்ந்து, கழுத்துப் பக்கம் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அந்தத் தலையைக் கழற்றினாள். உள்ளே அப்பாவின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, கண் செருகிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் பையன் வீறிட்டு அழ ஆரம்பித்தான். பூதத்துக்குப் பயப்படாத வீரனுக்கு ஒரு மனுஷ முகம் பயமாகிவிட்டது. அவனுடைய அம்மா அவனை இழுத்து அணைத்துக்கொண்டு முதலாளியிடம் முறையிட்டாள்: குழந்தைகள் முன்னால் தலையைக் கழற்றலாமா, பிள்ளை இனி ராத்திரி தூங்குவானா என்று. விழுந்து கிடந்தவருக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்க அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாஸ்டர் ஒருத்தர்தான் அடுப்படியிலிருந்து சொம்போடு ஓடி வந்தார்.

முதலாளி கல்லாவை விட்டு இறங்காமலே, தலையை மாட்டிப் பின்பக்கமாகக் கூட்டிப்போகும்படி அம்மாவிடம் சொன்னார். அம்மா அந்தத் தலையைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"நீங்க மாட்டிக்குங்க" என்றாள்.

தர்மபுரியில் ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் கண் தெளிந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை.

"புள்ளைங்க முன்னாடி ஏன் கழட்டுன மேரி? அந்தப் பையன் பயந்துட்டானே."

நான் அன்றைக்கு டிவி பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பூதத்தைப் பார்த்ததே இல்லை. அப்பா அந்த ஹோட்டலுக்குத் திரும்பப் போகவில்லை. அம்மா விடவில்லை. ஒரு தீவனக் குடோனில் மூட்டை தூக்கப் போனார். அங்கே அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

இப்போது ரோட்டை அகலப்படுத்தி, அந்த ஹோட்டல் இருந்த இடமே தெரியவில்லை. கார்ட்டூனும் டிவியில் வருவதில்லை. ஆனால் என் வயசுக்காரர்கள் விடுவதாக இல்லை; அதன் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, "அன்பை மட்டுமே தெரிந்த ஜீவன்" என்று உருகி, கண்ணீர்ப் பொம்மை போடுகிறார்கள். இவர்களில் எத்தனை பேர் தண்ணி பாட்டிலோடு காரிலிருந்து இறங்கியவர்களோ.

இன்னொன்றும் இல்லாமல் போய்விட்டது, அது அப்பாவின் பொறுமை. அறுபதைத் தாண்டிய பிறகு கண்டக்டரோடு சண்டை, ரேஷன் கடையில் சண்டை. தெருவில் இப்போது "சிடுமூஞ்சி" என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. போன மாசம் பஸ்ஸில் பின்சீட்டுப் பையன் ஒருத்தன் அவர் முதுகில் விடாமல் உதைத்துக்கொண்டே வந்தான். அப்பா திரும்பிப் பார்த்தார். சின்னப் பையன்தானே, விளையாடுறான் என்று அவனுடைய அம்மா சிரித்தாள்.

"எனக்கு வலிக்குதுங்க" என்றார் அப்பா.